ஒற்றைக் கை ஆட்டம்

பார்சலில் கடிதம் இல்லை. பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினேன். அடியில் விரித்திருந்த பழைய செய்தித்தாளையும் எடுத்து உதறிப் பார்த்தேன். இருந்தவை இவ்வளவுதான்: என் பள்ளிச் சான்றிதழ்கள், கழுத்துப் பொத்தான் அறுந்த என் நீலச் சட்டை, அம்மாவின் வெளிறிய துவாலை. துவாலைக்குள் நான் அக்காவுக்குக் கொடுத்த ஆர்கனைசர் சுற்றி வைக்கப்பட்டிருந்தது.

அம்மா இறந்து ஐந்து மாதம் ஆகிறது. ஐந்து மாதமாக அக்கா என் போனை எடுக்கவில்லை. இப்போது என் சாமான்களை எனக்கே அனுப்பியிருக்கிறாள். இதற்கு அர்த்தம் கண்டுபிடிக்க அகராதியைப் புரட்ட வேண்டியதில்லை. எனக்கென்று மிச்சமிருந்த ஒரே ஆள் கணக்கைத் தீர்த்துவிட்டாள் என்று நினைத்தேன். கட்டிலில் உட்கார்ந்து அந்தச் சட்டையை மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன்.

என் தொழிலைச் சொன்னால் பெண் கொடுக்க வந்தவர்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போயிருக்கிறார்கள். உள்ளங்கை அளவில் ஒரு கருவி. அதிகாரிகள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போன் நம்பர், கூட்டம் நடக்கும் நேரம் எல்லாம் அதில் குறித்துக்கொள்வார்கள். ஆர்கனைசர் என்று பெயர். அதில் ஓடும் விளையாட்டுகளை எழுதுகிறவன் நான். காசு போட்டு ஆடும் பெரிய இயந்திரங்களில் அந்தக் காலத்தில் இருந்தனவே, விண்கலம் சுடுவது, பாம்பு வளர்ப்பது, செங்கல் சுவரைப் பந்தால் உடைப்பது, அவற்றையெல்லாம் அந்தப் பச்சை கலந்த சாம்பல் நிறத் திரைக்குள் திணித்திருக்கிறேன். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். ஆர்கனைசர் வைத்திருப்பவர்கள் நடுவில் நான் சர்க்கரை. தெருவில் இறங்கினால் மூன்றாவது மாடி ஆள், அவ்வளவுதான்.

வாடிக்கையாளர்கள் எல்லாரும் மின்னஞ்சலில் இருப்பவர்கள். ஒரு முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. அறையில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு கட்டில், இரண்டு கணினிகள். சில நாள் மாலையில் கேஸ் சிலிண்டர்காரர் கதவைத் தட்டும்போதுதான் அன்று முழுக்க நான் வாயே திறக்கவில்லை என்பது தெரியும். குரல் வராது, இருமிவிட்டுப் பேசுவேன். இதைச் சுதந்திரம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். தனிமைதான். எனக்கு அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

நான் எழுதியவற்றில் நன்றாக ஓடியது செங்கல் சுவர். கீழே ஒரு பட்டை, அதைப் பொத்தான்களால் இடமும் வலமும் நகர்த்த வேண்டும். மேலே நாற்பது கல் உள்ள சுவர். பந்து பட்டால் கல் உடையும், ஒரு கல்லுக்கு ஒரு புள்ளி. சுவர் தீர்ந்தால் அடுத்த சுவர். மூன்று உயிர். பந்தைத் தவறவிட்டால் ஓர் உயிர் போகும், ஆயிரம் கல்லுக்கு ஓர் உயிர் கூடும். இதில் என் பெருமை என்னவென்றால், நடுவில் எப்போது வேண்டுமானாலும் கருவியை அணைத்துவிடலாம். பத்து நாள் கழித்துத் திறந்தாலும் பந்து விட்ட இடத்தில் அந்தரத்தில் நிற்கும். மேலதிகாரி வந்துவிட்டால் அணைத்து மறைத்துக்கொள்ளட்டும் என்று அப்படி வைத்தேன்.

அக்காவுக்குக் கருவியைக் கொடுத்தது மூன்று வருடங்களுக்கு முன்னால். அதற்கு ஒரு வருடம் முன்பு அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையானாள். தொலைபேசி நிலையத்தில் அக்காவுக்கு நல்ல வேலை. நான் ஊர் திரும்புவதைப் பற்றி யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லி, இன்னும் யோசித்துக்கொண்டிருந்தபோதே அவள் வேலையை விட்டுவிட்டாள். படுக்கைப் புண் வராமல் இருக்க அம்மாவை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை விருந்தாளி போல வந்துபோகிற நான், “இது இருந்தா பொழுது போகும்கா” என்று அதைக் கையில் வைத்துவிட்டு வந்தேன். என்ன ஒரு தாராளம்.

அந்தக் கருவி பற்றி அக்கா என்னிடம் இரண்டே முறைதான் பேசியிருக்கிறாள். முதல் முறை, இட வலப் பொத்தான்கள் இரண்டு ஓரத்தில் இருக்கின்றனவே, அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவர முடியுமா, ஒரு கையால் ஆடலாமே என்று கேட்டாள். பத்து நிமிட வேலை. பட்டியலில் ‘ஒற்றைக் கை’ என்று ஓர் அமைப்பைச் சேர்த்தேன். பேருந்தில் நின்றபடி ஆடுகிறவர்கள் பாராட்டி எழுதினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவின் இன்னொரு கை என்ன செய்கிறது என்று நான் கேட்கவில்லை.

இரண்டாவது முறை பேசியது அம்மா இறப்பதற்கு ஒன்றரை மாதம் முன்னால். ஸ்கோர் ஏறிக்கொண்டே போய்த் திடீரென்று மைனஸில் காட்டுகிறது என்றாள். நான் புது விளையாட்டு ஒன்றில் மூழ்கிக் கிடந்தேன். “அப்படி ஆகாதுக்கா. கணக்கு தப்பாது. நீதான் எதையோ மாத்தி அமுக்கியிருப்ப. அழிச்சுட்டு மறுபடி போடு” என்றேன். எல்லா வாடிக்கையாளருக்கும் அனுப்பும் பதில் அது, மனப்பாடம். அக்கா, அம்மாவைத் திருப்பிப் போடும் நேரமாகிவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அம்மா போன செய்தி வந்தபோது நான் கிளம்பி ஊர் சேர மறுநாள் ஆனது. எல்லாம் முடிந்திருந்தது. இரண்டு நாள் இருந்தேன். ஒழுகிய குழாயைச் சரிசெய்தேன், உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான். அக்கா ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அழுதிருப்போம், முடிந்திருக்கும். வாசல் வரை வந்து வழியனுப்பினாள். அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டுதான் துவாலையைப் பிரித்துக் கருவியை உயிர்ப்பித்தேன். பேட்டரி தீரப்போகிறது என்ற எச்சரிக்கை முதலில் வந்தது. அதை விலக்கினேன். செங்கல் சுவர் தானாகத் திறந்தது. ஆட்டம் முடியவில்லை, பாதியில் நின்றிருந்தது. புதுச் சுவர், நாற்பது கல்லும் அப்படியே. பட்டை இடது ஓரத்தில். பந்து வலப்பக்கம், கீழே விழ இரண்டு விரல் தூரம். கடைசி உயிர். ‘தொடரத் தொடவும்’ என்ற வரி கண் சிமிட்டியது. மேலே ஸ்கோர்: மைனஸ் 9136.

எனக்கு வந்தது துக்கமில்லை, எரிச்சல். என் கணக்கு எப்படித் தப்பும்? கணினியைத் திறந்து, ஆறு வருடங்களுக்கு முன் நான் எழுதிய நிரல் வரிகளைத் தேடினேன். ஸ்கோருக்கு நான் ஒதுக்கிய இடம் சின்னது. 32767 வரைதான் எண்ணும். அதற்கு மேல் ஒரு கல் உடைந்தால் மைனஸ் 32768-க்குப் போய் விழும். அங்கிருந்து கல் கல்லாக மறுபடி மேலே ஏறும். இந்த எழுத்து வேலையில் விவரம் தெரிந்தவன் எவனும் பார்த்துச் செய்கிற இடம் அது. நானும் பார்த்துத்தான் செய்திருந்தேன். அந்த வரிக்குப் பக்கத்தில், எனக்கு நானே, என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சி ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தேன்.

‘இது போதும். இதைத் தாண்ட இருபத்தேழு மணி நேரம் ஆட வேண்டும். வேலைவெட்டி இல்லாதவனால்தான் முடியும்.’

அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. எங்கள் வீட்டில் வேலைவெட்டி இல்லாத ஒரு நிமிடம்கூடக் கிடைக்காதவள் ஒருத்தி உண்டென்றால் அது அக்கா.

தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். மைனஸ் 32768-இலிருந்து மைனஸ் 9136 வரை ஏறியது 23632. முதலில் ஏறியதையும் சேர்த்தால் 56400. ஒரு சுவருக்கு இரண்டு நிமிடம் என்றால் நாற்பத்தேழு மணி நேரம். இது ஒரே ஆட்டம். இதற்கு முன் ஆடி முடித்தவை எத்தனையோ. போனில் அவள் மைனஸ் என்று சொன்ன அன்று, அவள் ஏற்கெனவே இருபத்தேழு மணி நேரம் ஓர் இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அழித்துவிட்டு மறுபடி போடு என்று நான் சொன்ன பிறகு இன்னும் இருபது மணி நேரம். மேஜையில் தலை வைத்து அழுதேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். தெரிகிறது, ஆனாலும் அழுதேன்.

பேட்டரி எச்சரிக்கை மறுபடி வந்தது. இந்தக் கருவிகளுக்கு ஒரு குணம் உண்டு. பேட்டரி செத்தால் உள்ளே இருப்பது எல்லாம் போய்விடும். கழற்றினால் ஒரு நிமிடம் தாங்கும், அதற்குள் புதியதைப் போட வேண்டும். நூற்றுக்கணக்கான பேருக்கு இதை அலட்சியமாக எழுதி அனுப்பியிருக்கிறேன். கடைக்கு ஓடி இரண்டு சின்ன பேட்டரி வாங்கி வந்தேன். மேஜையைத் துடைத்தேன். மூடியைக் கழற்றிப் பழையதை எடுத்து, புதியதில் ஒன்றைப் போட்டேன். இரண்டாவது பேட்டரி விரலிலிருந்து நழுவிக் கட்டிலுக்கடியில் உருண்டது. நெஞ்சு தரையில் பட விழுந்து, துழாவி, ஒட்டடையோடு எடுத்துப் பொருத்தினேன். பொத்தானை அமுக்கப் பயமாக இருந்தது. அமுக்கினேன். பந்து அந்தரத்தில் நின்றது. மைனஸ் 9136.

அக்காவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் பேருந்து ஏறினேன். ஏழு மணி நேரப் பயணம். சட்டைப் பைக்குள் கருவியின் மேல் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் நெஞ்சு வலியா என்று கேட்டார்.

அழைப்பு மணியை அழுத்தினால் உள்ளே ‘டொக்’ என்று மட்டும் கேட்டது. மணிக்குள் பஞ்சு அடைத்திருந்தாள். அம்மா முழித்துக்கொள்ளக் கூடாது என்று அடைத்தது, இன்னும் எடுக்கவில்லை. கதவு சத்தமே இல்லாமல் திறந்தது. கீலில் எண்ணெய் கசிந்து கீழே கறை இறங்கியிருந்தது. அக்கா நின்றாள். இளைத்திருந்தாள். மீட்டர் பார்க்க வந்தவனுக்கு வழி விடுவது போல ஒதுங்கி நின்று என்னை உள்ளே விட்டாள்.

அம்மாவின் அறையில் கட்டில் அப்படியே இருந்தது. படுக்கை சுருட்டி ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. சுவர்க் கடிகாரம் நாலு பத்தில் நின்றிருந்தது. முட்கள் நகரும் சத்தம் ஆகாதென்று என்றைக்கோ அதன் பேட்டரியையும் எடுத்திருந்தாள். கட்டிலை ஒட்டி ஒரு நாற்காலி. மூன்றரை வருடங்கள் ஒருத்தி உட்கார்ந்ததில் அதன் பிரம்பு தொய்ந்து கிடந்தது. உட்காரும் ஆளின் இடது கை கட்டில் பக்கம் வரும்படி அது போடப்பட்டிருந்தது. அந்தக் கை என்ன செய்துகொண்டிருந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கொஞ்சம் சீக்கிரம்தான், மூன்று வருடங்கள்தான் ஆகியிருந்தன.

நான் கருவியை எடுத்து நீட்டினேன்.

“அக்கா, அது மைனஸ் இல்ல. தப்பு என்னோடது. உன் ஸ்கோர் ஐம்பத்தாறாயிரத்து நானூறு. இதை ஆடுறவங்க யாரும் பதினோராயிரத்தைத் தாண்டினதா எனக்கு எழுதினதில்ல.”

அவள் கருவியைப் பார்க்கவில்லை. “ஸ்கோருக்காகவா நான் அன்னைக்கு உனக்குப் போன் பண்ணேன்?” என்றாள்.

மூன்றாவது மாடியில் மாலை நேரத்தில் வராத அதே குரல் இங்கேயும் வரவில்லை. இருமினேன்.

“நாப்பத்தேழு மணி நேரம்கா” என்றேன்.

அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள். “கணக்குப் போட்டியா?”

“நேத்துதான்.”

அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். மெதுவாகச் சொன்னாள். அம்மா பகலில் அவள் கையைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்குவாளாம். கையை எடுத்தால் முழித்துக்கொண்டு, எங்கே போனாய் என்று கேட்க முடியாமல் கண்ணால் தேடுவாளாம். டிவி போட முடியாது. புத்தகம் படிக்கலாமென்றால் பக்கம் புரட்டுகிற சத்தம் ஆகாது. ஒரு கையும், சத்தமில்லாத ஒரு பொருளும், அவ்வளவுதான் அவளுக்கு இருந்தது. சில நாள் யாராவது வெளியே நின்று கதவைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்களாம். போகிற செருப்புச் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருப்பாளாம்.

“கடைசியா ஆடின அன்னைக்குப் பந்து கீழ வந்துட்டிருந்தது, பொத்தான்” என்றாள். ரேடியோவின் பொத்தான்களைப் பிடுங்கிப் பிடுங்கி அடி வாங்கிய காலத்தில் அவள் எனக்கு வைத்த பெயர் அது. அதைக் கேட்டு வெகு நாளாகிவிட்டது. “அம்மா பிடி தளர்ந்துபோச்சு. தூக்கத்துல தளர்ற மாதிரி இல்ல. நான் இதை அணைச்சுட்டு அம்மாவைப் பார்த்தேன். அப்புறம் இதைத் திறக்கல. நீ சொன்ன மாதிரி பேட்டரி மட்டும் மாத்திட்டு வந்தேன். போன தடவை கை தவறி ஒண்ணு கீழ விழுந்துடுச்சு. என் கையால இது போயிடும்னு பயந்துதான் உனக்கு அனுப்பினேன். இதைச் செஞ்சவன் நீ. உனக்குப் பத்திரமா வெச்சுக்கத் தெரியும்ல.”

என் பேட்டரி கட்டிலுக்கடியில் ஓடியதை நான் சொல்லவில்லை. ஒரு கடிதமாவது வைத்திருக்கலாமே என்றேன். என்னவென்று எழுதுவது என்று கேட்டாள். அப்படியானால் சான்றிதழ், சட்டை எல்லாம் எதற்கு என்று கேட்டேன். பெட்டியில் இடம் இருந்தது என்றாள்.

கணக்கைச் சரிசெய்து, உண்மையான ஸ்கோரோடு அவள் பெயரை முதல் இடத்தில் போட்டுத் தருகிறேன் என்று சொன்னேன். எனக்குத் தெரிந்த ஒரே பரிகாரம் அதுதான். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

“அந்தப் பந்தை விட்டுடு. அது அங்கயே நிக்குதுன்னு நெனச்சா எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது. இப்பவும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து இங்க வந்துடறேன். வந்து சும்மா நிக்கிறேன். நீ விடு. என்னால முடியாது.”

நாற்காலியில் உட்கார்ந்து கருவியைத் திறந்தேன். அவள் எழுந்து என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். தொட்டேன். பந்து இறங்கியது. காப்பாற்றத்தான் பார்த்தேன், சத்தியமாக. பட்டை இடது ஓரத்திலிருந்து பாதி வழிகூட வரவில்லை. பந்து விழுந்தது. ஆட்டம் முடிந்தது. திரையில் நான் எழுதிய வாசகம் வந்தது: ‘பட்டியலில் இடமில்லை. இன்னும் முயலவும்.’

அக்கா அதை வாய்விட்டுப் படித்தாள். “இதையும் நீதான் எழுதினியா?”

“நான்தான்.”

“நல்லா எழுதியிருக்க” என்றாள். சிரித்தாளா, அழுதாளா என்று திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, சுருட்டி வைத்த படுக்கையை விரித்தாள். ஐந்து நிமிடம் படுக்கிறேன், நீ போய்விடாதே என்றாள். அம்மா படுத்த பக்கமே தலை வைத்துப் படுத்தாள். ஐந்து நிமிடம் ஆகவில்லை, தூங்கிப்போனாள்.

நான் புது ஆட்டம் தொடங்கினேன். அமைப்பு ‘ஒற்றைக் கை’யிலேயே இருந்தது. வலது கை ஆடியது. வேலையில்லாத இடது கையைக் கட்டில் ஓரத்தில் வைத்தேன். இரண்டாவது சுவர் உடையும்போது அக்கா தூக்கத்திலேயே புரண்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். நல்ல இறுக்கமான பிடி.

பத்தாவது சுவரில் எனக்குத் தாகம் எடுத்தது. தண்ணீர்ச் சொம்பு எட்டடி தூரத்தில் இருந்தது. இருபதாவது சுவரில் கால் மரத்தது. ஜன்னல் வெளிச்சம் தரையில் இருந்து சுவருக்கு ஏறியது. மணி ‘டொக்’ என்றது. யாரோ கதவைத் தட்டினார்கள், காத்திருந்தார்கள், போய்விட்டார்கள். செருப்புச் சத்தம் தெருமுனை வரை கேட்டது. கூப்பிட வேண்டும் போல இருந்தது, கூப்பிடவில்லை. என் மூன்றாவது மாடியில் நினைத்தால் எழுந்து கீழே இறங்கலாம், யாரிடமாவது பேசலாம். நான்தான் இறங்கவில்லை. இங்கே ஒருத்திக்கு எழுந்து நிற்கக்கூட முடிந்ததில்லை. சுவர் உடைந்தது, அடுத்த சுவர் வந்தது. அதில் விளையாட்டே இல்லை என்பது எழுதிய எனக்கு அன்றுதான் தெரிந்தது.

இரண்டு மணி நேரம் ஆனதும் அக்கா கண்ணைத் திறக்காமலே பாதி எழுந்தாள். நான் பிடியைத் தளர்த்தவில்லை. “தூங்குக்கா” என்றேன். திரும்பப் படுத்தாள்.

அவள் நிஜமாகக் கண் விழித்தபோது அறையில் வெளிச்சம் குறைந்திருந்தது. என் கையைப் பிடித்திருப்பதைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள்.

“எவ்வளவு?” என்று கேட்டாள்.

திரையில் ஓர் எண் இருந்தது. நான் அதைப் படிக்கவில்லை.

“மூணு மணி நேரம்கா” என்றேன்.